சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெட்டி

நெய்வேலி நகரியத்துப் பள்ளியொன்றில் பதினெட்டு வருடம் செக்யூரிட்டியாக இருந்தேன். பர்மனென்ட். சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் என்ன செய்வது என்று அரைநாள் டிரெயினிங்கும் கொடுத்தார்கள். தொடாதே, நகர்த்தாதே, ஆட்களை அப்புறப்படுத்து, போலீசுக்குச் சொல். அன்று கொடுத்த சமோசாவும் நினைவிருக்கிறது.

நிஜமாகவே ஒரு பெட்டி வந்த அன்று, சமோசா மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

காலைப் பிரேயர் முடிந்த நேரம். ஆசிரியர்களின் சைக்கிள் ஸ்டாண்டில் பெரிய அட்டைப்பெட்டி. சுற்றிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப், அதன்மேல் செம்புக் கம்பிக் கட்டு. பெயர் இல்லை. விசாரித்தால் யாருடையதும் இல்லை. தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டேன். வந்தவர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"போலீஸ் கீலீஸ்னு போனா பேரன்ட்ஸ் எல்லாம் கேட்டுக்கு வந்துடுவாங்கய்யா. யாராவது தூக்கி காம்பவுண்டுக்கு வெளிய வச்சிடுங்க."

அந்த 'யாராவது' யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யாரும் செய்யாத வேலை தானாகக் கான்ட்ராக்ட் ஆட்களிடம் போய்ச் சேரும். நானும் வாய் கூசாமல், பெருக்கிக்கொண்டிருந்த செல்வியைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வருடமாகக் கான்ட்ராக்ட்.

செல்வி பெட்டியையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார்.

"தூக்குறேங்க. வெடிச்சு நான் செத்துட்டா எம் பொண்ணுக்கு பர்மனென்ட் வேலைன்னு பேப்பர்ல எழுதிக் குடுங்க. பெரிய சாரும் கையெழுத்துப் போடட்டும்."

தலைமை ஆசிரியர் பேனாவைத் தேடவில்லை. செல்வி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வேணாம்மா. நீ தள்ளிப் போ."

பிறகுதான் டிரெயினிங் நினைவு வந்தது. பிள்ளைகளைப் பின்கேட் வழியாக மைதானத்துக்கு அனுப்பினேன். தூரத்தில் கயிறு கட்டி, போலீசுக்குப் போன் செய்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வெடிகுண்டுப் பிரிவு வந்து பிரித்தது. உள்ளே பலாக்காய். பிள்ளைக்கு அட்மிஷன் கிடைத்த சந்தோஷத்தில், எலக்ட்ரீஷியன் அப்பா ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து போகும்போது வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதைக் கட்டினாலும் டேப்பும் கம்பியும்தான் அவருக்கு. தலைமை ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பியிருக்கிறார். இவர் பார்க்கவில்லை.

மறுநாள் செல்வியிடம் கேட்டேன். "எழுதிக் குடுத்திருந்தா நெசமாவே தூக்கியிருப்பியா?"

"தூக்கியிருப்பேங்க. பொண்ணு டிப்ளமா முடிச்சிட்டு ரெண்டு வருசமா வூட்லயே குந்திகினு இருக்குது."

இப்போது புது ஆட்களுக்கு டிரெயினிங் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். தொடாதே என்று சொன்ன கையோடு, அடுத்தவரைத் தொடச் சொல்லாதே என்றும் சொல்கிறேன். சொல்லும்போது இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.