சின்னம்மா உப்புப் பார்த்த வெள்ளிக்கிழமை

சண்டை ஓய்ந்து, மன்னாருக்கு உல்லாசப் பயணிகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். பூநாரை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு ஹோட்டல்கள் முளைத்தன. ஹோட்டல்களுக்கு ஆள் பழக்குவதற்குப் பட்டினத்தில் ஒரு வகுப்பும் முளைத்தது. எங்கள் சின்னம்மா அதில் சேர்ந்தார். கடலுக்குப் போன சித்தப்பா திரும்பாததால் எங்கள் வீட்டோடு வந்து இருந்தவர். யார் கையையும் எதிர்பார்த்து இருக்கக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம். சோதனையில் பாஸானால் புதிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் சமையல் வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆறு மாதமாக எங்கள் வீடுதான் அவருக்கு ஹோட்டல். கடலுக்குப் போய்ப் பசியோடு வருகிற அப்பாவைக் கதிரையில் இருத்தி, மடியில் துவாய் விரித்து, முறைப்படி பரிமாறுவார்.

"அத்தான், கையை எடுங்கோ. நான் இடப்பக்கத்தாலதான் வைக்கவேணும்."

"நீ எந்தப் பக்கத்தாலயும் வா. சோறு கெதியா வரட்டும்," என்பார் அப்பா. ஆனாலும் கையை எடுத்துக்கொள்வார்.

கடைசிச் சோதனை, வேதக்காரர் நாங்கள் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வந்து விழுந்தது. நாள் குறித்தவர்களுக்குத் தவக்காலம் ஞாபகம் இல்லை. சீட்டுக் குலுக்கியதில் சின்னம்மாவுக்குக் கிடைத்தது கோழிக்கறி. வீட்டார் வந்து பார்க்கலாம் என்றதால் நானும் போயிருந்தேன். எனக்கு எட்டு வயது.

சின்னம்மா கறியை இறக்கி, அகப்பையைத் தூக்கியவர், அப்படியே நின்றுவிட்டார். தவக்காலத்து வெள்ளியில் அவர் நாக்கில் இறைச்சிக் குழம்பு ஒரு சொட்டும் பட்டதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. என்னைக் கூப்பிட்டார்.

"உப்புச் சரியோ எண்டு பார்த்துச் சொல்லு, ராசாத்தி."

தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஐந்து கிழமையாக எங்கள் வீட்டில் இறைச்சியே சமைக்கவில்லை. அந்த வாய்க்கு எதைக் கொடுத்தாலும் ருசித்திருக்கும். "நல்லாயிருக்கு," என்றேன். "வடிவாப் பார்," என்றார். இன்னொரு துண்டு தந்தால் பார்க்கலாம் என்றேன். தந்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த சோதனை ஐயா ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். கறியில் உப்பே இல்லை. பதற்றத்தில் சின்னம்மா போட மறந்திருந்தார்.

"ருசி பாக்காமலா குடுத்தீங்க? இல்லாட்டி வேற யாரையும் பாக்கச் சொன்னீங்களா?"

அவர் கோபக்காரர் அல்லர். ஏதும் காரணம் இருந்தால் சொல்லும்படி தன்மையாகத்தான் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் விரல்களில் இன்னும் கறி மணந்தது.

சின்னம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"நான்தான் பார்த்தனான், ஐயா. என்ர நாக்குக்குப் பிடிபடேல்ல."

அந்த முறை அவர் பாஸாகவில்லை. குசினி வேலைக்கு வேறொருவரை எடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் சின்னம்மா என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கோ அவர்மேல் ஒரே மனவருத்தம். ஒரு சொட்டுக் குழம்பைப் பாவம் என்று ஒதுக்கியவர், தவக்காலத்து வெள்ளியும் அதுவுமாக, அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லிவிட்டாரே! வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, சின்னம்மாவை மன்னித்துவிடும்படி அழுது மன்றாடினேன். எனக்காக ஒரு வார்த்தை மன்றாட வேண்டும் என்று தோன்றவேயில்லை.