ஜெயராணியால் எல்லாம் முடியும்

நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் ஜெயராணி முப்பத்தொரு வருடம் ஆயம்மாவாக இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, பால் கொடுத்துத் தூங்க வைப்பது அவள் வேலை. அவள் கையில் வளர்ந்த பிள்ளையின் தலையில் ஒரு பேன் இருந்ததாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

இப்போது வயது எழுபத்திரண்டு. டவுன் ஓரத்தில் தனி வீடு. போன ஐப்பசி மழையில் படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. தலை சீவ முடியாது. முதுகு தேய்க்க முடியாது. மற்றபடி சுகம்.

அவளைக் கவனிக்க ஆளில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மகன் ரவிகுமார் தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் எடுப்பான்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"சாப்பிட்டேன்பா."

"மருந்து?"

"குடிச்சேன்பா."

முதுகைப் பற்றி அவன் கேட்டதில்லை. கேட்காததை அவளும் சொன்னதில்லை. பார்க்க வந்தவர்களோ ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டியோடு வந்தார்கள். அலுமாரியில் பதினேழு பெட்டி சேர்ந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக ஒருவருக்கும் தோன்றவில்லை.

தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் காலையில் உதவியாளரை அனுப்புவதாக ஒரு சங்கம் அறிவித்தது. ஒன்பது பேருக்குத்தான் இடம். ஜெயராணி அன்றைக்கே விண்ணப்பம் எழுதிப் போட்டாள். விசாரிக்க ஆள் வரும் தேதியை மகனிடம் சொன்னதுதான் அவள் செய்த பிழை.

அந்தத் தேதியில் எட்டு மணிக்கே மருமகள் மதுஷா பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"ஆபீசர் வர்ற நேரம் இப்படியா மாமி இருக்கிறது? மகனும் மருமகளும் பாக்கிறதில்லன்னு எழுதிருவாங்க!"

வெந்நீர் வைத்து, முதுகு சிவக்கத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஐந்து மாதத்தில் அந்த முதுகு சவர்க்காரத்தைக் கண்டது அன்றுதான். பிறகு கொண்டை, அதில் கனகாம்பரம், இஸ்திரி போட்ட சேலை. டாக்டர் மடுவத்தைப் பார்க்க வரும் நாளில் தானும் பிள்ளைகளை இப்படித்தான் கழுவி வரிசையில் வைத்தது ஜெயராணிக்கு ஞாபகம் வந்தது. டாக்டரும் ஒவ்வொரு தடவையும் 'மிக நன்று' என்றே எழுதினார்.

பத்து மணிக்குச் சங்கத்து அதிகாரி பவாஸ் கேள்விகள் அச்சிட்ட பாரத்தோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க தனியா குளிப்பீங்களா?"

"பாத்தா தெரியலையா சேர்?" என்றாள் மதுஷா.

"தலை சீவுறது?"

"கொண்டையப் பாருங்களேன்!"

பவாஸ் பார்த்தார். 'முடியும்' என்ற கட்டங்களில் வரிசையாகச் சரி போட்டுக்கொண்டே போனார்.

"மாஷா அல்லாஹ், நல்லா வச்சிருக்கீங்க. இந்த எடத்த வேற யாராவது கஷ்டப்படுறவங்களுக்குக் குடுத்திருவோம்" என்று கையெழுத்துக்குப் பாரத்தை நீட்டினார்.

ஜெயராணி பேனையை வாங்கவில்லை. இடது கையால் கொண்டை ஊசிகளை உருவினாள். "மாமி!" என்று மதுஷா பதறுவதற்குள் கனகாம்பரம் பாரத்தின் மேல் விழுந்தது.

"இத நானே திருப்பி முடிஞ்சிட்டா கையெழுத்துப் போடுறேன் தம்பி. பாத்துக்கிட்டே இருங்க."

வலது கை தோள்வரை போனது, அங்கேயே நின்றது. மதுஷா கொடுத்திருந்த தேநீரைப் பவாஸ் குடித்து முடித்தார். கை தோளைத் தாண்டவில்லை.

"இன்னைக்கு என்னையக் கழுவி வச்சிருக்காங்க. நாளைக்கு வந்தீங்கன்னா உள்ளத உள்ளபடி பாக்கலாம்."

பவாஸ் மதுஷாவைப் பார்க்காமல், போட்ட சரிகளை ஒவ்வொன்றாக வெட்டினார்.

அன்று மாலை போனில் ரவிகுமார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"வந்த மனுசன் முன்னாடி எங்க மானத்த வாங்கிட்டீங்களேம்மா!"

"ஒங்க மானத்துக்கு ஒண்ணும் ஆகலப்பா. நான் முதுகு தேய்க்கத்தான் ஆள் கேட்டேன்."

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சங்கம் அனுப்பிய கலாராணி வந்து வாளியைக் கையில் எடுத்தாள். மதுஷா கோபத்தில் அந்தப் பக்கமே வருவதில்லை. ஒருவிதத்தில் நல்லதுதான், அந்தக் குளியலறையில் இரண்டு பேருக்குத்தான் இடம்.