நகராத கோடு

அலுவலகத்தில் அவளுக்குக் 'கோடு அக்கா' என்றுதான் பெயர். செவ்வாயின் ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, நிறம் நிறமாகப் பிரித்து, அதில் மீத்தேன் வாயுவின் மெல்லிய கோடு இருக்கிறதா என்று பதினேழு வருடம் தேடியவள். இருந்தால் அங்கே உயிர் இருக்கலாம். பாழாய்ப்போன வேலை! நம் தலைக்கு மேலேயே அதே வாயு மண்டிக் கிடக்கிறதே. அதன் கோடு எல்லாவற்றையும் மறைத்துவிடும். செவ்வாய் நம்மை நோக்கி வேகமாக வரும், பிறகு விலகிப் போகும் சில வாரங்களில் மட்டும் அதன் கோடு சற்றுத் தள்ளி நிற்கும். அப்போது விட்டால் இரண்டு வருடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படியொரு வாரத்தில்தான் அம்மா மருத்துவமனையில் கிடந்தாள். "நீ போ, தம்பி இருக்கான்ல" என்று அவளே அனுப்பினாள். ஐந்தாம் நாள் தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மா போய்விட்டாள்.

அடுத்த மாதம் கணக்கு முடிந்தபோது கோடு இருந்தது! பத்திரிகைகள் இவள் படத்தைப் போட்டன. பெற்றவளைப் போட்டுவிட்டுப் போனவள் என்று உறவுக்காரர்கள் பேசியதற்கு இவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

ஒரு சோதனை பாக்கி. அது செவ்வாயுடையதுதான் என்றால், செவ்வாய் விலகிப் போகும்போது அந்தக் கோடு மறுபக்கம் நகர வேண்டும். முதல் முறை மேகம் கெடுத்தது. இரண்டு வருடம் கழித்து, இன்று மதியம் முடிவு திரையில் வந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். கோடு பழைய இடத்திலேயே நின்றது.

"இன்னொரு தடவ பாத்துட்டு சொல்லலாமே, என்ன அவசரம்?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"எத்தன தடவ பாத்தாலும் அது நம்ம காத்துதான்டி."

கண்டுபிடிப்பைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினாள். அனுப்புமுன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், நான் கண்டுபிடிச்சது தப்புடா. அது செவ்வாயோடது இல்ல." நாற்காலியைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டாள். "திட்டுடா. அம்மாவ விட்டுட்டுப் போனேன்ல, நல்லா திட்டு."

"கடைசி நாள் அம்மா, 'அக்கா கண்டுபிடிச்சுட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றான். "மூச்சு வாங்குது, அப்பவும் அதே கேள்வி. கண்டுபிடிச்சுட்டான்னு பொய் சொல்லிட்டேன். அடுத்த மாசம் நீ நிஜமாவே கண்டுபிடிச்சதும், அப்பாடா, அம்மாகிட்ட கடைசியா சொன்னது பொய் இல்லன்னு நிம்மதியா இருந்தேன்க்கா."

போனை வைக்காமலேயே அவள் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு அதை அனுப்பினாள்.