நமது நிருபர் சாமுவேல்

சாமுவேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் எழுதியதைப் படிக்காமல் தப்பித்த கோவைக்காரர்கள் குறைவு. காந்திபுரத்தில் அச்சாகும் எங்கள் மாலைப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாகச் செய்தி எழுதுகிறார். ஒவ்வொரு செய்தியின் தலைமாட்டிலும் 'நமது நிருபர்' என்று போடுவோம். அந்த நமது நிருபர் இவர்தான். பக்கம் வடிவமைக்கிற ஷாநவாஸ் நான். பதினெட்டு வருடமாக அந்த இரண்டு சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியிருக்கிறேன். அவர் பெயரை ஒரு நாளாவது போடலாமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாலைப் பத்திரிகை என்பதெல்லாம் பெயருக்குத்தான். காலை பதினொன்றரைக்கு அச்சுக்குப் போய்விடும். ஊரில் விழாக்களோ பதினொரு மணிக்கு மேல்தான் தொடங்கும், அதுவும் வரவேண்டியவர் வந்தால். இந்தச் சிக்கலுக்குச் சாமுவேல் ஓர் எளிய வழி கண்டுபிடித்திருந்தார். விழாவுக்குப் போகமாட்டார். அழைப்பிதழைப் பார்த்துச் செய்தியை எழுதிவிடுவார். யார் தலைமை, யார் முன்னிலை, யார் குத்துவிளக்கு ஏற்றுவது எல்லாம் அதிலேயே இருக்கிறது. 'திரளானோர் கலந்துகொண்டனர்' என்பதை மட்டும் இவர் கைக்காசு போட்டதுபோல் சேர்ப்பார்.

ஒருமுறை சாமுவேலின் ஊரான துடியலூர்ப் பக்கம் குடிநீர்த் தொட்டி திறப்பு. வரவேண்டிய பிரமுகர் மழையைக் காரணம் சொல்லி வரவில்லை. எங்கள் பத்திரிகையில் மட்டும் அவர் தொட்டியைத் திறந்து, முதல் டம்ளர் தண்ணீரைக் குடித்து, ருசியில் சிறுவாணித் தண்ணீரை மிஞ்சிவிட்டது என்று புகழ்ந்தும் விட்டார். மானம் போயிற்று என்று பயந்துகொண்டிருந்தோம். சாயங்காலம் பிரமுகரின் உதவியாளர் போன் செய்தார். "அய்யா பேசுனது ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க" என்று நன்றி சொன்னார். சோமனூரில் விசைத்தறிக்காரர்கள் கடைசி நேரத்தில் தொடங்காமலே கைவிட்ட உண்ணாவிரதத்தைப் பழரசம் கொடுத்து முடித்துவைத்ததும் இதே சாமுவேல்தான். அதற்கும் ஒரு மறுப்புக்கூட வரவில்லை.

நடக்காததை இவ்வளவு நம்பும்படி எழுதுகிறவரைச் சினிமா விட்டுவைக்குமா? சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் வால்பாறையில் படமெடுக்க வந்தார். வசனத்துக்குக் கொங்குத் தமிழ் தெரிந்த ஆள் தேடினார். சாமுவேல் நாற்பது நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வால்பாறையில் ஒரு லாட்ஜ் அறையில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்து முழுப்படத்துக்கும் எழுதினார்.

இயக்குநரின் கொங்கு ஞானம் ஒரு 'ங்க'வில் அடங்கிவிடுகிற சமாச்சாரம். வில்லன் கையை வெட்ட வரும்போது, "ஏனுங்க, அந்தக் கையக் கொஞ்சம் நீட்டுங்க, வெட்டிப்போடறனுங்க" என்று சொல்லவேண்டுமாம். அதோடு விட்டாரா? வில்லன் தன் நாயைக்கூட, "வாங்க, சோறு உண்ணுங்க" என்று கூப்பிடவேண்டுமாம்.

"நாய்க்கு யாருங்க மரியாதை குடுப்பாங்க?" என்று சாமுவேல் கேட்டிருக்கிறார்.

"தியேட்டர்ல விழுந்து விழுந்து சிரிப்பாங்க சார். எழுதுங்க" என்றாராம் இயக்குநர்.

இவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன் சாமுவேலு, நாய்க்கெல்லாமா எழுதுனீங்க? வெக்கமா இல்லீங்களா?"

"டைட்டில்ல பேர் போடறேன்னு சொல்லியிருக்காருங்க பாய்" என்றார். டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார். "எங்கப்பன் நாப்பது வருசம் ஒரே தோட்டத்துல பாடுபட்டாருங்க. அங்க ஒருத்தராச்சும் அவரப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்க. டேய்தான். அதனால அவரு பேரையும் சேத்து, வசனம் அருளப்பன் சாமுவேல்னு முழுசாப் போடச் சொல்லியிருக்கறனுங்க."

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று அவருக்கு இன்னொரு டீ சொல்லத்தான் வாய் வந்தது.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. பன்னிரண்டு மணிக்கு முதல் காட்சி. பத்தரைக்குச் சாமுவேல் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஒரு தாளை நீட்டினார். 'துடியலூர் எழுத்தாளர் பெயர் திரையில்! அரங்கம் அதிர்ந்தது!' என்று தலைப்பு. கீழே, வசனம் அருளப்பன் சாமுவேல் என்று வந்ததும் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர், அருகில் அமர்ந்திருந்த அவரது மனைவி அன்புக்கரசி ஆனந்தக் கண்ணீர் வடித்தார், திரளானோர் கலந்துகொண்டனர்.

"இத மட்டும் படத்தப் பாத்துப்போட்டு நாளைக்குப் போடலாமுங்களே?" என்றேன்.

"பாய், இத்தன வருசத்துல எதைப் பாத்துப்போட்டு எழுதியிருக்கறனுங்க?"

நியாயமான கேள்வி. முதல் பக்கத்தில் போட்டேன். தலைமாட்டில் வழக்கம்போல் நமது நிருபர்.

பக்கத்தை அனுப்பிவிட்டு நானும் தியேட்டருக்குப் போனேன். அன்புக்கரசி அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டுப் பட்டுச்சேலையில் வந்திருந்தார். எங்களையும் சேர்த்து இருபது பேர் இருப்போம். டைட்டில் ஓடியது. கடைசியாக, கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று நான்குக்கும் சேர்த்து ஒரே பெயர் வந்தது. இயக்குநருடைய பெயர்.

"கடைசில வருமுங்க" என்றார் சாமுவேல், மனைவியிடம்.

இரண்டரை மணி நேரம் அந்தப் படத்தைப் பார்த்தோம். நாய்க்குச் சோறு வைக்கும் இடத்தில் மட்டும்தான் தியேட்டர் சிரித்தது. சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டார். படம் முடிந்து எல்லோரும் போனபின் நாங்கள் மூவரும் நின்றுகொண்டு நன்றிப் பட்டியலைப் படித்தோம். வால்பாறை லாட்ஜின் பெயர் வந்தது. லாட்ஜில் தோசை ஊற்றியவர் பெயர் வந்தது. நாயின் பெயர் வந்தது, 'மற்றும் மணி' என்று தனியாக. அருளப்பனும் வரவில்லை, சாமுவேலும் வரவில்லை. கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து, "எந்திரிச்சாச்சுன்னா போங்க சாமி" என்றார். அந்த இயக்குநர் அப்போது என் கையில் சிக்கியிருந்தால் ஒரு 'ங்க'வும் போட்டிருக்கமாட்டேன்.

வெளியே வந்தால் எதிர்ப் பெட்டிக்கடையில் எங்கள் பத்திரிகையின் போஸ்டர் தொங்குகிறது. அரங்கம் அதிர்ந்தது. கடைக்காரரும் துடியலூர்க்காரர்தான். சாமுவேலை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து கையைக் குலுக்கினார். "படிச்சனுங்க, நம்மூருக்கே பெருமைங்க!" அன்புக்கரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, அம்மணிக்குக் கண்ணு கலங்கிப்போச்சு" என்று கடைக்காரர் பூரித்தார்.

மறுநாள் பத்தரைக்குச் சாமுவேல் ஒரு சீட்டோடு வந்தார். ஆசிரியர் கோவிந்தராஜுலு அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குத் திருத்தம் போட்டா தண்ணித் தொட்டிக்கும் போடோணும், உண்ணாவிரதத்துக்கும் போடோணும். வேண்டாமுங்க சாமுவேலு. படம் நாலு நாள்ல ஓடிப்போயிரும். பத்திரிகைல வந்ததுதான் நிக்கும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. படத்தைச் செவ்வாய்க்கிழமை தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். துடியலூரில் இன்றும் சாமுவேலை வசனகர்த்தா என்றுதான் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

அந்தச் சீட்டை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். 'நேற்றைய செய்தியில் கண்டபடி அரங்கம் அதிரவில்லை. பெயர் எதுவும் வரவில்லை. மனைவி வடித்தது ஆனந்தக் கண்ணீர் அல்ல.' அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் சாமுவேல் நேரில் பார்த்து எழுதிய ஒரே செய்தி அது. அதன் தலைமாட்டில் நான் ஒட்டுவதற்கு முன்பே, தன் கையால், நமது நிருபர் என்று எழுதியிருக்கிறார்.