மச்சானுக்குப் போட்ட ஜிப்சம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் எங்கள் ஊர் காணைப் பக்கம் யாருக்கு என்ன வலி என்றாலும் மாத்திரை சொல்லுகிற முதல் ஆள் நான்தான்.

திண்டிவனத்தில் இருக்கும் என் மச்சான், மனைவிக்கு அண்ணன், போன வருஷம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். "ஒடம்புல தெம்பே இல்ல மாப்ள" என்று போனில் புலம்பினார். என் முட்டிவலிக்கு விழுப்புரத்து டாக்டர் ஒரு வைட்டமின் டி மாத்திரை எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். மச்சானுக்கும் அதையே அட்டை அட்டையாக வாங்கி அனுப்பினேன்.

"எனக்கு வாரத்துக்கு ஒண்ணு. உங்களுது அடிபட்ட நெஞ்சு, தெனம் ஒண்ணு போடுங்க. மல்லாட்டைக்கு ஜிப்சம் போட்டாத்தான காய் தெரளுது?"

"டாக்டரக் கேக்க வேணாமா மாப்ள?"

"சத்து மாத்திரைக்கு எதுக்கு மச்சான் டாக்டரு?"

நிலக்கடலை வயலிலும் நான் அப்படித்தான். விவசாய ஆபீசர் ஜிப்சம் உரம் ஒரு மூட்டை என்றால் இரண்டு மூட்டை கொட்டுவேன்.

மூன்று மாதம் போனது. மச்சானுக்கு ஓயாத வாந்தி, அடங்காத தாகம், நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்று போன் வந்தது. நானும் மனைவியும் பஸ் ஏறி ஓடினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஹார்ட் மாத்திரை தவிர வேற என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து, காலி அட்டைகளை நானே எடுத்து நீட்டினேன்.

அவர் எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதைத் தெனமுமா போட்டாரு? யார் சொன்னது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இந்த மாத்திரை அளவு மீறுனதுல ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. அதான் துடிப்பு கெட்டுப்போச்சு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஆளு இருப்பாரான்னு சொல்ல முடியாது."

"வைட்டமின் ஹார்ட்டுக்கு நல்லதுன்னு…" என்று இழுத்தேன்.

"சத்து கொறைஞ்சா இது ஈடு கட்டும். அடைப்பையெல்லாம் ஆத்தாதுங்க."

கால்சியம். ஜிப்சம் மூட்டைமேல் நான் கூட்டிக் கூட்டிப் படிக்கிற முதல் வார்த்தையே அதுதான். பேச்சுக்குச் சொன்னதை நிஜமாகவே மச்சான் ரத்தத்தில் கொட்டியிருக்கிறேன். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா? எங்கண்ணன்தான் கெடைச்சாரா?" என்றாள் மனைவி.

நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. ஐந்தாம் நாள் துடிப்பு சரியாகிவிட்டது என்றார்கள். அவர் பிழைத்த சந்தோஷத்தில் நான் தூக்கு நிறையக் கேப்பைக் கூழ் கொண்டுபோனேன். மச்சான் தூக்கைத் தொடவே இல்லை. நர்ஸைக் கூப்பிட்டார்.

"இத்தக் குடிக்கலாமாம்மா? எங்க மாப்ள கொண்டாந்தாரு. அதான் கேக்கறேன்."

"கேப்பையிலயும் கால்சியம் ஜாஸ்தி தாத்தா. இப்போதைக்கு வேணாம்."

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ள, நான் ஒனக்கு இன்னாதான் பண்ணேன்?"

வாசலில் நின்று அத்தனை கூழையும் நானே குடித்தேன்.