அடிவாரத்தில் தேறிய என்ஜின்

வண்டிப் புகையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஓர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் தங்கையைப் பக்கத்திலேயே செண்பகனூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. வெள்ளனே கேரட்டும் பீன்சும் ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்குவார். சாயங்காலம் அரிசி மூட்டைகளும் ஏழெட்டு ஆட்களுமாக மலையேறி வருவார். பெட்ரோல் விற்ற விலைக்கு மண்ணெண்ணெய் கலந்துதான் ஓட்டினார். அப்போது பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். வெள்ளையாகப் புகை வரும், நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் அந்த வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை. அவர்கள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலையில் புகையைக் குறைக்கிறோம் என்று ஒரு திட்டம் வந்து சேர்ந்தது. புது வண்டி வாங்கினாலும் சரி, பழைய என்ஜினைக் கழற்றிவிட்டுப் புது டீசல் என்ஜின் மாட்டினாலும் சரி, விலையில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். சுற்றறிக்கையை டைப் அடித்தவன் நான். என் கையால் அடித்த எழுத்து என்பதாலேயே எனக்கு அதன் மேல் ஒரு நம்பிக்கை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தேனா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, டீசலுக்கு மாறினால் செலவு குறையும், புகையும் இருக்காது என்று நாலைந்து வாரம் மாப்பிள்ளையை நச்சரித்தேன்.

அவர் லேசில் மசியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி மச்சான். லோடோட மேல இழுக்குமா?"

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாத நான் சொன்னேன்: "அதெல்லாம் ஜம்முனு இழுக்கும் மாப்ள."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை ஏன் என் வாயில் வரவில்லை என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

பழைய என்ஜினை யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக, எங்கள் ஆபீஸ் அதிகாரி முன்னால் வைத்து உடைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. மலையடிவாரத்தில், பழனியில் ஒரு பட்டறை வாசலில் சம்மட்டியால் உடைத்தார்கள். மாப்பிள்ளை பார்க்க மாட்டாமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். புது என்ஜினுக்குச் சோதனையும் அங்கேயே நடந்தது. அதிகாரிக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஆகாது, இரண்டு வளைவு ஏறினாலே வாந்தி எடுப்பார். அதனால் நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தார். துணி அவ்வளவாகக் கறுக்கவில்லை. என்ஜின் தேறிவிட்டது என்று கையெழுத்துப் போட்டார்.

மலை ஏறியதும் அதன் சாயம் வெளுத்தது. மேலே காற்று இளைத்துப் போகும், டீசல் பாதிதான் எரியும், மிச்சம் கரியாக வெளியே வரும் என்று பழனி மெக்கானிக் பிற்பாடு விளக்கினார். அதை முதலிலேயே எங்களுக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை. பாதி மலையிலேயே வண்டி திணறியது. ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, மூட்டையைக் குறைத்து, இருட்டிய பிறகு மாப்பிள்ளை வீடு வந்து சேர்ந்தார். இழுவை வேண்டுமே என்று மெக்கானிக் பம்பைத் திருகி டீசலைக் கூட்டி வைத்தார். கொஞ்சம் இழுத்தது. ஆனால் வந்த புகையில் பின்சீட்டுக்காரர்கள் முகமெல்லாம் கரி. வாடிக்கை ஆட்கள் ஒவ்வொருவராக பஸ்சுக்கு மாறினார்கள்.

பிறகு மலைச்சாலையில் கரும்புகை விடும் வண்டிகளைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மாப்பிள்ளை வண்டிக்கும் நோட்டீஸ் போனது. அதை டைப் அடித்ததும் நான்தான். எழுத்து எழுத்தாகத் தட்டினேன். மானியம் கொடுத்து மாட்டிய என்ஜின் சார் இது என்று அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். மானியம் வேற ஃபைல், நோட்டீஸ் வேற ஃபைல் என்றார் அவர். பழைய என்ஜினுக்குத் திரும்பவும் வழியில்லை. ஜீப் வீட்டு வாசலில் மழையில் நனைந்து கிடந்தது. கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மாப்பிள்ளை கோயம்புத்தூரில் யாரோ ஒருவருடைய லாரியை ஓட்டப் போனார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தாலும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் அவர் மேல் தப்பே இல்லை.

வருட முடிவில் திட்டத்துக்கு அறிக்கை எழுதினோம். மானியத்தில் பெரும்பங்கு, பல வேன்கள் வைத்திருந்த ஒரு ஹோட்டல் முதலாளிக்குப் போயிருந்தது. திட்டம் வருவதற்கு முன்னாலேயே அவர் புது வேன்களுக்குப் பணம் கட்டி வைத்திருந்தார். ஒரு பைசா கொடுக்காவிட்டாலும் அந்த வேன்கள் வந்துதான் இருக்கும். அந்தப் பணத்தால் மலையில் ஒரு மூச்சுப் புகையாவது குறைந்ததா என்று கேட்க ஒரு கட்டம்கூட அந்தப் படிவத்தில் இல்லை. பயனடைந்தோர் பட்டியலில் மாப்பிள்ளை பெயரும் இருந்தது. அவர் வண்டியே இப்போது இல்லை சார் என்றேன். கொடுத்தது கொடுத்ததுதானே, பெயர் இருக்கட்டும் என்றார் அதிகாரி. இருக்கட்டும் என்று நானும் அடித்தேன். வேலைக்குப் பயந்தவன்.

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வந்ததா? அடுத்த மழைக்காலத்தில் பெண்களுக்குப் பாதி விலையில் தையல் மெஷின் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எப்படியாவது ஈடு செய்துவிடலாம் என்ற வெறியில் முதல் ஆளாகப் படிவத்தை வாங்கி நிரப்பி, தங்கை கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு மடிப்புக் கலையாமல் மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தாள்.

"ஒன்னாலதான் கெட்டோம்னு நான் யார்ட்டயும் சொல்லலண்ணே, சொல்லவும் மாட்டேன். ஆனா இனிமே எங்களுக்கு நல்லது எதுவும் பண்ணாத."

சொல்லிவிட்டு, சாப்பிட்டுத்தான் போகணும் என்று எனக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.