மூன்றாவது வரிசை நெளிகிறதா

வெயில் ஏற ஏற அவர் பெயர்ச் சுவரைப் பார்க்கத் தொடங்குகிறார். கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூன்றாவது வரிசையிலேயே நிற்கிறது பார்வை. போர் நினைவுத் தோட்டத்துக்கு வருகிறவர்கள், பாவம் யாரோ சொந்தக்காரரைத் தேடுகிறார் என்று குரலைத் தாழ்த்தி ஒதுங்கிப் போகிறார்கள். அவருக்கு அந்தச் சுவரில் சொந்தக்காரர் யாரும் இல்லை. சுவருக்கு முன்னால் கல்மேடையில் எரிகிற அணையாத் தீ மத்தியான வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அதன் சூட்டில் பின்னாலிருக்கும் எழுத்துகள் நெளிவது மட்டும் தெரியும். எழுத்து நெளிந்தால் தீ இருக்கிறது. நெளியாவிட்டால்?

"அந்தப் பேச்சே வேணாம் சார்," என்கிறார்.

அலுவலகத் தாளில் அவர் எரிவாயுப் பராமரிப்பாளர். வாசல் காவலரிலிருந்து புல் வெட்டுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் திரி அண்ணன். மேடையில் திரி என்று எதுவும் கிடையாது; தரைக்கடியில் குழாயில் வாயு வருகிறது, மேலே எரிகிறது. ஆனாலும் ஆளைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய வயது, முறுக்கிப் போட்ட மாதிரி ஒல்லி உடம்பு, உச்சியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருக்கிற தலை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். முதல் தடவை, பேச்சை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறாராம். தும்மல் வந்தால் மேடைக்கு முதுகைக் காட்டி ஓடிப்போய்ச் செடி வேலிக்குள் தும்முவார். டீயை ஊதிக் குடிக்க மாட்டார். ஊதுகிற பழக்கமே விட்டுப்போய்விட்டது. ஆறுகிற வரை தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முறைப்பார். எதைக் கேட்டாலும் முதல் பதில் "சொல்ல முடியாது". மழை வருமா? சொல்ல முடியாது. கூட்டம் வருமா? சொல்ல முடியாது. மகளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "ரெண்டு. இப்போதைக்கு."

மேடைத் தீ, தோட்டம் திறந்த நாளில் ஏற்றியது. அன்றிலிருந்து அணைந்ததில்லை என்று வாசல் பலகை சொல்கிறது. பழுது பார்க்க வாயுவை நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது? அதற்கு முறை இருக்கிறது. முதலில் அந்தத் தீயிலிருந்தே ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி, தோட்டத்து மூலையிலுள்ள சாமான் அறையில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் விளக்கிலிருந்து மேடைக்கு. அந்த விளக்குக்குத் துணை விளக்கு என்று பெயர்.

அரசாங்கம் ஒரு துணையோடு திருப்தி அடைந்துவிட்டது. இவர் அடையவில்லை. துணைக்கு ஒரு துணை வேண்டும் என்று, மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், அதே தீயிலிருந்து இன்னொரு அரிக்கேனை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அது இன்றும் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், மணல் போட்ட வாளிக்குள் உட்கார்ந்து எரிகிறது. அதனால் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போனது கிடையாது. மகள் கல்யாணத்தன்று விளக்கும் மண்டபத்துக்கு வந்தது. கரண்டு போனால் உதவும் என்று கொண்டுவந்த பொறுப்பான சம்பந்தி என்று மாப்பிள்ளை வீட்டார் பாராட்டினார்களாம்.

மேற்பார்வையாளருக்கு இது தெரியும். "விதியில இல்லை. விதியில இல்லாத எதையும் நான் பாத்ததும் இல்லை," என்றார். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. படிச்சு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

இத்தனை பதற்றமும் வேலைக்காகவா? வேலை போய்விடும் என்ற பயமா? முதல் நாளே கேட்டேன். விரலை நாக்கில் தொட்டுக் காற்றைப் பார்த்தார். மதியம் ஒரு டாக்சி வாசலில் நின்றபோது விடை தானாக வந்தது.

ஓட்டிவந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். காக்கிச் சட்டை, நரைத்த கொண்டை, தோளில் துண்டு. மதியச் சவாரி ஓய்ந்ததும் வாரத்தில் பல நாள் வருகிறவர். மூன்றாவது வரிசையில் அவருடைய மகனின் பெயர் இருக்கிறது. எல்லைக்குப் போனவன் உடலாகக்கூடத் திரும்பவில்லை. அவன் துணிமணிப் பை ஒன்றுதான் வந்தது. புதைத்த இடம் என்று போய் நிற்க எதுவுமில்லை. அவர் பெயரைத் தொடவில்லை, அழவில்லை. மேடைக்கு மேலே உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் நீட்டினார். அப்புறம், ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"எப்படி இருக்கான் தம்பி?"

"நல்லா இருக்கான்க்கா."

"நேத்து அடிச்ச காத்துல?"

"தள்ளாடினான். விழலை."

"பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். திரி அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவங்க வண்டியில ஏறினா முதல்ல பெல்ட்டைப் போடச் சொல்வாங்க சார். போடலைன்னா வண்டி நகராது. பின்சீட்டுக்கும் அதே சட்டம்தான். அப்படிப்பட்டவங்க நம்மகிட்ட ஒண்ணை நம்பி விட்டுட்டுப் போறாங்க."

வால்வு மாற்றுகிற நாளன்று நான் போனபோது அவர் ஏற்கெனவே வியர்த்திருந்தார். மாலை நாலு மணிக்கு ஒரு படைப்பிரிவின் பழைய வீரர்கள் மலர்வளையம் வைக்க வருகிறார்கள். அதற்குள் வேலை முடிய வேண்டும். காலையில் மேடைத் தீயிலிருந்து துணை விளக்கை ஏற்றினார். குழாய் வேலைக்காரர் வாயுவை அடைத்தார். சுவரில் மூன்றாவது வரிசை நெளிவதை நிறுத்தி, கல்லில் வெட்டிய எழுத்தாக நின்றது. அந்த வரிசை அசையாமல் நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை போலும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவருக்கு இரண்டு வேலை. சாமான் அறைக்குப் போய் விளக்கைப் பார்ப்பது. வெளியே வந்து வீட்டுக்குப் போன் போடுவது.

"எரியுதா?"

"எரியுது. காலையிலேர்ந்து இதோட நாலாவது தடவை," என்று மனைவியின் குரல் வெளியே கேட்டது. "நான் சாப்பிட்டேனான்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? நான் என்ன, அதுக்கு வச்ச ஆயாவா?"

"சாப்பிட்டியா?"

"இப்ப கேட்டா?" என்று போனை வைத்துவிட்டார்.

ஜன்னலில்லாத அந்த அறையில் மண்வெட்டி, சுருட்டி வைத்த ரப்பர் குழாய், உடைந்த நாற்காலி, நடுவில் ஸ்டூல்மேல் விளக்கு. அது தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரால்தான் சும்மா இருக்க முடியவில்லை. சிம்னியில் புகை படிகிறதோ என்று சந்தேகம். மண்ணெண்ணெய் குறைகிறதோ என்று சந்தேகம். திரி கருகுகிறதோ என்று சிம்னியைத் தூக்கிச் சரிசெய்தார். வெளியே வந்தார். சரியாகச் செய்தோமா என்று திரும்பப் போனார், மறுபடி தூக்கினார். நான் சொல்லிப் பார்த்தேன். "இதான் கடைசி சார்," என்றார்.

கடைசியாகத்தான் ஆயிற்று. சிம்னி மேலே தூக்கியிருந்த நேரத்தில் குழாய் வேலைக்காரர் கதவைத் தள்ளித் திறந்தார். "அண்ணே, வேலை முடிஞ்சுது!"

கதவோடு காற்றும் வந்தது. ஸ்டூல்மேல் ஒரு நூல் புகை எழுந்து நின்றது.

திரி அண்ணன் சிம்னியை மெதுவாக இறக்கி மூடினார், உள்ளே இன்னும் ஏதோ இருப்பதுபோல. "பாத்துப் பாத்தே கொன்னுட்டேன்," என்றார்.

மேற்பார்வையாளர் வந்தார். நிலவரத்தைக் கேட்டார். "அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுன்னு இதுக்குத்தான் சொன்னாங்க," என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். "பத்த வைய்யா. இந்த வெயில்ல எரியறதும் தெரியாது, எரியாததும் தெரியாது. நாம நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போவுது?"

நியாயமான பேச்சுதான். தீ என்றால் தீ. பழைய வீரர்கள் வருவார்கள், வளையம் வைப்பார்கள், போவார்கள். திரி அண்ணன் தீப்பெட்டியைப் பார்த்த பார்வையில், ஒரு நிமிடம், வாங்கிவிடுவார் என்றே நினைத்தேன். கைகூட நீண்டது. பிறகு அந்தக் கை சொந்தப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது.

"எரியுதா?"

"இதோட அஞ்சு!"

"எடுத்துக்கிட்டு வா."

"எதை?" என்று மனைவி கேட்கவில்லை. "சரி," என்று மட்டும் கேட்டது.

வீடு ஊரின் மறுகோடியில். அலுவலக வண்டி பழைய வீரர்களை அழைத்துவரப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவியே கூப்பிட்டார். "பஸ்ல ஏத்த மாட்டேங்கிறாங்க. ரெண்டு டாக்சிக்காரங்க வாளிக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க. நடந்தே வரட்டுமா?"

"நடந்தா காத்துல அணைஞ்சுடும்."

"அப்ப பறந்தா வரமுடியும்?"

அப்போதுதான் வாசலில் அந்த டாக்சி வந்து நின்றது.

மேற்பார்வையாளர் தீப்பெட்டியைப் பைக்குள் போட்டார். "யோவ், வாயைத் திறக்காதே. அந்தம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் யோசிப்போம்." அந்தம்மா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கல்பாதையில் வந்தார். திரி அண்ணன் மேடையைத் தன் உடம்பால் மறைக்கிறதுபோல நின்றார். ஊரில் எந்த மனிதரிடம் இதைச் சொல்ல நேரவே கூடாது என்று இத்தனை காலம் வீட்டில் விளக்கு வளர்த்தாரோ, அவரிடம்தான் வண்டி இருந்தது.

"எப்படி இருக்கான் தம்பி?"

திரி அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். அந்தம்மா வழக்கம்போலக் கையை நீட்டினார். உள்ளங்கை மேடைக்கு மேலே நின்றது. கொஞ்சம் இறங்கியது. இன்னும் இறங்கி, கடைசியில் குளிர்ந்த இரும்பிலேயே பட்டது.

"வீட்ல இருக்கான்க்கா," என்றார் திரி அண்ணன். அழுகிற குரல். "இங்க என் கையாலதான் போச்சு. வீட்ல ஒண்ணு வச்சிருக்கேன், இதிலேர்ந்து எடுத்ததுதான். என் பொண்டாட்டி தெருவுல வாளியோட நிக்கிறா. யாரும் ஏத்த மாட்டேங்கிறாங்க."

அந்தம்மா கையை எடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எங்கள் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். "வழியைச் சொல்லு," என்றார்.

மேடையை விட்டு வரத் திரி அண்ணனால் முடியவில்லை. நான் போனேன். போகும்போது பறந்த வண்டி திரும்பும்போது மாட்டு வண்டியாயிற்று. பின்சீட்டில் திரி அண்ணன் மனைவி, மடியில் வாளி. குண்டான, அலட்டிக்கொள்ளாத பெண். வீட்டுச் செருப்போடே ஏறியிருந்தார். ஜன்னல்கள் மூடி, ஏசியை நிறுத்தி, மண்ணெண்ணெய் வாசனையில் மூவரும் வெந்தோம். வேகத்தடை வரும்போதெல்லாம் சுடர் நுனி நீலமாகச் சுருங்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பின்னாலிருந்து ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது.

"அடிடா, அடி," என்றார் அந்தம்மா கண்ணாடியைப் பார்த்து. "இங்க புள்ள தூங்குதுன்னு தெரியாம அடிக்கிறான்."

"முழிச்சுத்தான் இருக்கான்க்கா," என்றார் பின்சீட்டிலிருந்து மனைவி. "நீங்க ரோட்டைப் பாருங்க."

அதற்கப்புறம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தம்மா கேட்டார், "இருக்கானா?" பின்சீட்டிலிருந்து, "இருக்கான்."

திரி அண்ணன் வாசலிலேயே நின்றார். எங்கள் முகத்தைத்தான் பார்த்தார், வாளியைப் பார்க்கத் துணியவில்லை. மேடையைச் சுற்றி மேற்பார்வையாளரும் காவலரும் குழாய் வேலைக்காரரும் தோளோடு தோள் ஒட்டிக் காற்றுக்குச் சுவராக நின்றார்கள். படமெடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம் ஜோடியையும் இழுத்து ஓட்டையை அடைத்தார்கள். இனி சிம்னியைத் தூக்க வேண்டும். திரி அண்ணன் கையை வைத்தார். கண்ணாடி கடகடவென்று ஆடியது. எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். ஆடியது.

"நகருங்க," என்றார் மனைவி. தினமும் இரண்டு வேளை செய்கிற வேலை. சோற்றுப் பானை மூடியைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, பஞ்சு சுற்றிய குச்சியைக் காட்டி, பற்றியதும் மூடிவிட்டார். குச்சி மேடைக்குப் போனது. "வாயுவைத் திறங்க. என்னைப் பாக்காதீங்க, திறங்க!"

பக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெயிலில் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் மேடையைக் குனிந்து பார்த்தோம். திரி அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்தார். மூன்றாவது வரிசை நெளிந்தது.

அவர் கல்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா கையை நீட்டி, வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் பழைய வீரர்களின் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"நான் கிளம்புறேன். அடுப்புல பாதி வேலை கிடக்கு," என்று மனைவி வாளியைத் தூக்கினார். "சாப்பிட்டியான்னு இப்பவாவது கேளுங்க."

"சாப்பிட்டியா?"

"இல்லை."

"நான் கொண்டுபோய் விடுறேன், வாங்க," என்றார் அந்தம்மா. நானும் வாசல்வரை போனேன். மனைவியை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். வாளியைத் தானே வாங்கிப் பின்சீட்டின் நடுவில் வைத்தார். உள்ளே எட்டிச் சுடரை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெல்ட்டை இழுத்து, வாளியைச் சுற்றிக் கொண்டுவந்து, கிளிக்கென்று மாட்டி, இறுகிவிட்டதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.